சிறு வண்டியின் பெருங்குரல்

தேரைக் கண்டு சிறுதேர் செய்தவர் நம் முன்னோர். பிள்ளைத்தமிழில் சிறுதேர்ப் பருவம் என்றே ஒரு பருவம் உண்டு என்பதைத் தமிழாசிரியர்களுக்கு நினைவூட்ட வேண்டுவதில்லை. அதுபோலவே, பத்தொன்பதாம் நூற்றாண்டில் புகைவண்டி ஓடத் தொடங்கியதும் மேலை நாட்டார் சிறு புகைவண்டி செய்யத் தொடங்கினர். முதலில் அது குழந்தைகளின் விளையாட்டுப் பொருளாக இருந்தது. பின்னர் வளர்ந்தோரும் விரும்பிப் பயிலும் நுண்கலையாயிற்று. அக்கலையில் ஈடுபட்டோர் சக்கரம், கொதிகலன், புகைபோக்கி, தகட்டிலுள்ள ஆணித்தலை ஈறாக யாவற்றையும் ஒரே விகிதத்திற் சுருக்கிச் செய்கின்றனர்.

ஆனால் அச்சிறு வண்டி கூவ வேண்டும் என்றால் என் செய்வது? உருவைச் சுருக்குவது போல ஒலியையும் சுருக்க முடியுமா? சுருக்கினால் அது அவ்வண்டியின் ஒலியாக இருக்குமா? மாதிரிப் புகைவண்டி செய்வோர் ஏறக்குறைய நூறாண்டுகளாக இக்கேள்வியோடு மல்லாடி வந்திருக்கின்றனர். அவர்கள் கண்ட விடைகள் ஒலியைப் பற்றியும் செவியைப் பற்றியும் நமக்குப் பல செய்திகளைக் கூறுகின்றன.

ஊதல் ஒலிப்பது எவ்வாறு?

நீராவி இயந்திரத்தின் ஊதல் மிக எளிய கருவி. கவிழ்த்து வைத்த நெடிய கிண்ணம் போன்ற ஓர் உலோகக் குழாய். அதன் விளிம்புக்கு நேர் கீழே வளையமாக அமைந்த நுண்ணிய இடுக்கு. அவ்வளவே. ஓட்டுநர் கயிற்றை இழுத்ததும் கொதிகலனிலுள்ள நீராவி அவ்விடுக்கின் வழியே மெல்லிய தகடு போலச் சீறிக் கிளம்பிக் குழாயின் விளிம்பில் மோதுகிறது. மோதிய ஆவி ஒரு கணம் உள்ளே பாயும். மறுகணம் வெளியே பாயும். இவ்வாறு மாறி மாறிப் பாய்வதால் குழாய்க்குள் அடைபட்டுள்ள ஆவி அதிர்கிறது. அவ்வதிர்வே நாம் கேட்கும் ஊதல். வெறும் புட்டியின் வாயில் ஊதும்போது எழும் ஒலியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே.

உந்தியிலிருந்து எழும் காற்று ஒன்றே. அது தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் தங்கி, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகிய உறுப்புகளின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாகப் பிறக்கிறது என்பது தொல்காப்பியரின் பிறப்பியற் கருத்து. ஊதலின் நிலையும் ஏறத்தாழ அதுதான். ஆவி ஒன்று, அறை எத்தகையதோ ஒலி அத்தகையது. ஒரு முனை மூடிய குழாயில், குழாயின் நீளத்தைப் போல நான்கு மடங்கு நீளமுள்ள அலை நிலைகொள்ளும். ஒலியின் வேகத்தை அவ்வலையின் நீளத்தால் வகுத்தால் நொடிக்கு எத்தனை அதிர்வு என்பது கிடைத்துவிடும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கொதிநிலையிலுள்ள நீராவியில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 475 மீட்டர் செல்லும். நொடிக்கு 300 அதிர்வுள்ள கம்பீரமான ஊதல் ஒன்று வேண்டுமாயின் குழாய் சுமார் 40 சென்டிமீட்டர் நீளம் இருத்தல் வேண்டும். (ஆவியின் அழுத்தம், வாயின் அகலம் முதலியவற்றால் இது சிறிது மாறும். நம் கணக்கிற்கு இது போதும்.) தோட்டத்தில் ஆட்களையே ஏற்றி இழுத்துச் செல்லும் பெரிய மாதிரிகள் பல ஏறக்குறைய 12இல் ஒரு பங்கு அளவின. அவற்றுக்கேற்ப ஊதலையும் சுருக்கினால் குழாய் 3.3 சென்டிமீட்டராகும், அதிர்வு 12 மடங்காகி 3,600ஐ எட்டும். அது கம்பீரமான ஊதல் அன்று, கீச்சொலி. அமெரிக்காவில் பெருவழக்காக இருந்த 'ஓ' அளவு வண்டிகள் 48இல் ஒரு பங்கு. அவற்றில் அதிர்வு 14,400 ஆகும். இளஞ்செவிக்கு அது கேட்கும். முதியோர் பலர்க்குக் கேளாது. இக்காலத்தில் மிகுதியாக வழங்கும் 'எச்.ஓ.' அளவு 87இல் ஒரு பங்கு. அங்கே அதிர்வு 26,100. மனிதச் செவியின் எல்லையோ ஏறத்தாழ 20,000. ஆகவே, அளவு சற்றும் வழுவாமல் செய்யப்பட்ட அந்த ஊதல் வௌவாலுக்குக் கேட்கலாம்; செய்தவருக்குக் கேளாது.

இதுதான் சிக்கல். கண்ணுக்கு மெய்யாக இருப்பது காதுக்குப் பொய்யாகிவிடுகிறது. காரணம், காட்சியில் நாம் விகிதத்தை நோக்குகிறோம். ஒலியில் அளவையே கேட்கிறோம். யானையின் உருவத்தைக் கட்டைவிரல் அளவுக்கு எழுதிக் காட்டினாலும் குழந்தை அதனை யானை என்றே சொல்லும். யானையின் பிளிறலை 12 மடங்கு உயர்த்திக் கேட்பித்தால் குழந்தை அதை வேறு எந்தப் பிராணியின் ஒலியென்றும் சொல்லும். யானை என்று மட்டும் சொல்லாது. மாதிரி செய்வோரில் அளவுதான் உயிர் என்று வாதிடுவோர் இன்றும் உளர். அவர்களுங்கூட ஊதலைச் சுருக்கச் சொல்வதில்லை.

மூலக்குரலின் வரலாறு

போலியைப் பற்றிப் பேசுமுன் மூலத்தைச் சிறிது அறிந்துகொள்வது நல்லது. நீராவி ஊதலை முதலிற் செய்தவர் வேல்ஸ் நாட்டு டௌலைஸ் இரும்பாலையைச் சேர்ந்த ஏட்ரியன் ஸ்டீவன்ஸ் என்றும், ஆண்டு 1833 என்றும் பொதுவாகக் கூறுவர். கொதிகலனில் நீர் குறைந்துவிட்டால் எச்சரிப்பதற்கே அது பயன்பட்டது. விரைவில் புகைவண்டிகளும் அதனை மேற்கொண்டன.

பிரிட்டனில் இருப்புப்பாதையின் இருமருங்கும் பெரும்பாலும் வேலியிட்டிருப்பர். ஆதலின் அங்கே கூர்மையான ஒற்றைக் குரலே போதியதாயிற்று. அமெரிக்காவிலோ வேலியற்ற வெளிகளும், வாயிலற்ற கடவைகளும் மிகுதி. தொலைவிலிருந்தே கேட்க வேண்டும். காற்று உயர்ந்த ஒலியை விரைவில் விழுங்கிவிடும். தாழ்ந்த ஒலி நெடுந்தொலைவு செல்லும். ஆகவே அங்கு ஊதல்கள் பெருத்துத் தாழ்ந்தன. ஒரே குழாயைத் தடுப்புகளால் மூன்று, ஐந்து, ஆறு அறைகளாகப் பிரித்து ஒவ்வோர் அறையையும் ஒவ்வொரு சுரத்துக்கு அமைத்தனர். பல சுரங்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் இவ்வகைக் கூட்டு ஊதல் பிரிட்டனிலும் சில இயந்திரங்களில் உண்டு. 1938ஆம் ஆண்டில் மணிக்கு 126 மைல் ஓடிச் சாதனை நாட்டிய மல்லார்டு என்னும் இயந்திரம் அத்தகைய ஊதலைப் புகைபோக்கிக்கு முன்னே தாங்கி நிற்பதை இன்றும் காணலாம்.

டீசல் இயந்திரம் வந்த பிறகு நிகழ்ந்தது நம் ஆராய்ச்சிக்கு மிகவும் பொருந்துவது. நீராவி இல்லாமையால் அவற்றில் அழுத்திய காற்றினால் ஒலிக்கும் ஒற்றைக் கொம்பைப் பொருத்தினர். பெருஞ்சரக்குந்துகளின் ஒலியும் அதுவே போன்றிருந்தது. கடவையை நெருங்கியோர் வருவது வண்டியா சரக்குந்தா என்று தெரியாமல் மயங்கினர்; உயிர்கள் மாண்டன. கனடாவைச் சேர்ந்த ராபர்ட் சுவான்சன் என்னும் பொறியாளர் 1940களின் இறுதியில், பல கொம்புகளை ஒருசேர ஒலிக்கச் செய்து நீராவி ஊதலை நினைவூட்டும் கூட்டொலியை உருவாக்கினார். அவ்வழியில் வந்த ஐந்து கொம்புத் தொகுதி ஒன்று அமெரிக்க இரயில்களில் பெருவழக்காயிற்று. அதன் சுரங்கள் நொடிக்கு ஏறத்தாழ 311, 370, 415, 494, 622 அதிர்வுகள் கொண்டவை. ஆக, முழு அளவுள்ள மெய்யான வண்டியே ஒரு மாதிரி ஊதலைத்தான் சுமந்து ஓடியது! இல்லாத நீராவியின் குரலைக் காற்றினால் நடித்துக் காட்டியது. அந்த நடிப்பில் உயிர்காப்பு அடங்கியிருந்தது என்பதே வேறுபாடு.

ஒளித்து வைத்த குழாய்

மெய்யாகவே கரியிட்டு நீர் கொதிக்கவைத்து ஓட்டும் மாதிரிகளைச் செய்தவர்கள்தாம் இச்சிக்கலை முதலில் எதிர்கொண்டனர். 1898இல் பெர்சிவல் மார்ஷல் என்பவர் இலண்டனில் தொடங்கிய 'மாடல் எஞ்சினியர்' என்னும் இதழ் இத்தகைய கைவினைஞர்களுக்கு வழிகாட்டியாக விளங்கியது. அவர்கள் கண்ட வழி எளியது. கொதிகலன் மேலே கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அளவுக்கேற்ற சிறு ஊதலைப் பொம்மையாக நிறுத்திவிடுவர். ஒலிக்கும் ஊதல் வேறு. அது ஒரு சாண் அளவோ அதனினும் மிகுதியாகவோ நீண்ட செப்புக்குழாய். வண்டியின் அடியில், சட்டங்களுக்கு நடுவே, யார் கண்ணிலும் படாமல் கிடக்கும். கண்ணுக்கொன்று, காதுக்கொன்று. நாடகத்தில் மேடையில் ஒருவர் வாயசைக்கத் திரைக்குப் பின்னிருந்து மற்றொருவர் பாடுவதைப் போன்றது இது.

இம்முறையிலும் ஓர் இடர் உண்டு. சிறு கொதிகலனில் ஆவி குறைவு. நீண்ட ஊதல் ஒன்று ஊதினால் அழுத்தம் இறங்கி வண்டி தளரும். குழாய் குளிர்ந்திருந்தால் ஆவி நீராக மாறி, முதலில் இருமலும் தும்மலுமாக வெளிவரும். ஆகவே அனுபவமுள்ளோர் குழாயைக் கூடுமானவரை வெப்பமான இடத்தை ஒட்டி அமைப்பர்.

தண்டவாளத்தில் இரு செய்தி

நீராவி இல்லாத மின்சார வண்டிக்கு வருவோம். இங்கே சிறப்பாகக் குறிப்பிட வேண்டியது அமெரிக்காவின் லயனல் நிறுவனம். ஜோஷுவா லயனல் கோவன் என்பவர் 1900இல் நியூயார்க்கில் தொடங்கியது அது. 1930களின் பெருமந்தத்தில் நெருக்கடிக்குள்ளாகி மீண்ட அந்நிறுவனம், 1935ஆம் ஆண்டில் ஊதும் வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதன் நுட்பம் பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் ஆசிரியர்களும் எடுத்துக்காட்டத் தக்கது. ஆகவே சற்று விரிவாகக் காண்போம்.

ஊதலை இயந்திரத்தில் வைக்க இடமில்லை. அதன் பின்னே கரியும் நீரும் சுமந்து வரும் வண்டியொன்று உண்டு. இரயில்வேத் தொழிலாளர் அதனை டெண்டர் என்பர். மின்சார மாதிரியில் டெண்டர் வெறுங்கூடு. அக்கூட்டினுள் ஒரு சிறு மின்பொறியையும், அது சுழற்றும் விசிறியையும், விசிறியின் காற்று சென்று மோதும் இரண்டு அறைகளையும் வைத்தனர். அறைகள் இரண்டும் நீளத்தில் வேறுபட்டவை. ஆதலால் இரு சுரங்கள் ஒருங்கே எழும். அமெரிக்கக் கூட்டு ஊதலின் சாயல் கிடைத்துவிட்டது.

கடினமான பகுதி இனித்தான். தண்டவாளமே வண்டிக்கு மின்சாரம் தரும் கம்பி. அதில் மின்சாரம் இருந்தால் வண்டி ஓடும், இல்லையேல் நிற்கும். "ஓடிக்கொண்டே ஊது" என்று அதே கம்பியின் வழியே எவ்வாறு ஆணையிடுவது? ஊதலுக்கெனத் தனிக் கம்பி கட்ட இயலாது. வண்டி வட்டமிட்டுச் சுற்றுகிறதே!

லயனல் பொறியாளர்கள் மின்னோட்டத்தின் இருவகைமையைப் பயன்படுத்திக்கொண்டனர். அவர்களின் வண்டிகள் ஓடியது மாற்று மின்னோட்டத்தில். அஃதாவது, திசை மாறி மாறிப் பாயும் மின்னோட்டத்தில். அவற்றின் பொறியோ ஒரே திசையிற் பாயும் நேர் மின்னோட்டத்திலும் ஓட வல்லது. ஆகவே, சிறுவன் கட்டுப்பாட்டுப் பெட்டியிலுள்ள நெம்புகோலைத் தள்ளியதும் மாற்று மின்னோட்டத்தோடு சிறிது நேர் மின்னோட்டமும் கலந்து தண்டவாளத்தில் ஏறும். வண்டியின் பொறி இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் டெண்டரில் ஒரு காந்த இணைப்பான் காத்திருக்கிறது. மாற்று மின்னோட்டம் எவ்வளவு பாய்ந்தாலும் அது அசையாது. நேர் மின்னோட்டம் வந்ததும் சடக்கென மூடிக்கொள்ளும். மூடியதும் விசிறி சுழலும், ஊதல் ஒலிக்கும். நெம்புகோலை விட்டதும் இணைப்பான் திறந்துகொள்ளும். இணைப்பானை இழுத்து மூட மிகுந்த விசை வேண்டும். மூடியதைப் பிடித்து வைக்கச் சிறு விசை போதும். ஆகவே முதலிற் சிறிது மிகுதியாகவும் பின்னர்க் குறைவாகவும் நேர் மின்னோட்டம் செல்லும்படி நெம்புகோலை இரு படிகளாக அமைத்திருந்தனர். விசிறி மின்சாரத்தை உண்பதால் வண்டி தளருமே என்று, ஊதும் வேளையில் மட்டும் சற்றுக் கூடுதலான மின்னழுத்தம் தரும் ஏற்பாட்டையும் மின்மாற்றியில் சேர்த்தனர். மின்னணுவியல் வீடுகளுக்குள் பரவாத காலத்தில், ஒரே தண்டவாளத்தில் இரு செய்திகளை அனுப்பிய இந்த ஏற்பாடு வியக்கத்தக்கது.

ஒலி எப்படி இருந்தது? நடுநிலையோடு கூறினால், மெய்யான ஊதலைப் போல இல்லை. உயர்ந்த சுரம், காற்றின் இரைச்சல் கலந்தது, ஆந்தைக்கும் புல்லாங்குழலுக்கும் இடைப்பட்ட குரல். ஆயினும் கேட்டவர்கள் அதனைப் புகைவண்டி என்றே ஏற்றுக்கொண்டனர். காரணம் சுரத்தில் இல்லை; சுரம் எழுந்து அடங்கும் வகையில் இருக்கிறது. விசிறி வேகம் பெறச் சிறிது நேரமாகும். ஆகவே ஒலி தாழ்ந்து தொடங்கி, ஏறி, நிலைத்து, விட்டதும் வழுக்கி இறங்கும். நீராவி ஊதலும் குளிர்ந்த குழாயில் ஆவி நிரம்பும்போது தேம்பித் தொடங்கிப் பின்னரே முழுக்குரல் எடுக்கும். திட்டமிட்டோ திட்டமிடாமலோ, அந்த ஏற்ற இறக்கம் விசிறியில் அமைந்துவிட்டது. நம் பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு "கூ... சுக்குபுக்கு" என்று ஓடும்போது அங்கே சக்கரமும் இல்லை, தண்டவாளமும் இல்லை. அந்தக் "கூ" என்பதில் உகரம் நீண்டு நெளிவதொன்றே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது.

1948இல் லயனல் டீசல் மாதிரிகளை வெளியிட்டபோது விசிறி ஊதல் பொருந்தவில்லை. கொம்பொலி வேண்டும். அதற்கு அதிர்தகடு ஒன்றை வைத்து, வண்டிக்குள் கைவிளக்கில் இடும் பெரிய மின்கலம் ஒன்றினால் அதனை ஒலிக்கச் செய்தனர். பொம்மையை மறந்து பரண்மேல் வைத்துவிட்ட வீடுகளில் அம்மின்கலம் கசிந்து வண்டியின் உட்பகுதியை அரித்துவிட்டது. பழைய மாதிரிகளைச் சேகரிப்போர் இன்றும் அவ்வகை வண்டியை விலை பேசுமுன் முதலிற் கவிழ்த்துப் பார்ப்பது மின்கல அறையைத்தான்.

போட்டி நிறுவனமான அமெரிக்கன் ஃபிளையர் வேறு வழிகளை நாடியது. அதன் வண்டிகள் லயனலினும் சிறியவை; 64இல் ஒரு பங்கு. இடம் இல்லாவிட்டால் ஊதல் வண்டியில்தான் இருக்கவேண்டுமா என்று கேட்டனர் போலும். பாதையோரத்தில் நிற்கும் விளம்பரப் பலகைக்குள் ஊதலை ஒளித்துவைத்தனர். வண்டி பலகையைக் கடக்கும்போது பொத்தானை அழுத்தினால் போதும். லயனலும் இத்தகைய ஊதும் நிலையங்களை விற்றதுண்டு. வண்டி வேறிடத்தில் இருக்கும்போது பலகை கூவினால் நகைப்புக்கிடமாகும் என்பது சொல்லாமலே விளங்கும். 1950ஐ ஒட்டி அமெரிக்கன் ஃபிளையர் நிறுவனம் டெண்டருக்குள் ஒலிபெருக்கியையே வைத்து, வெளியே மின்னணுக் கருவியில் உண்டாக்கிய ஒலியைத் தண்டவாளத்தின் வழியே அதற்கு அனுப்பிப் பார்த்தது. இன்றைய முறைக்கு அது முன்னோடி எனலாம்.

பதிவு செய்த குரல்

1990களின் நடுப்பகுதியில் அமெரிக்க மாதிரி இரயில் கழகம் எண்முறைக் கட்டுப்பாட்டுக்குப் பொதுவிதி வகுத்தது. அதன்பின் ஒவ்வொரு வண்டியிலும் ஒரு மின்னணுச் சில்லைப் பொருத்தி, அதில் மெய்யான இயந்திரங்களின் பதிவு செய்த ஒலிகளை இட்டுவைப்பது வழக்கமாயிற்று. இனிச் சிக்கல் தீர்ந்தது என்று எண்ணத் தோன்றும். தீரவில்லை, இடம் மாறியது.

முதலாவது, ஒலிபெருக்கி. விரல் நகம் அளவேயுள்ள ஒலிபெருக்கி தாழ்ந்த ஒலியை எழுப்ப வல்லதன்று. அதன் முன்புறம் காற்றைத் தள்ளும்போது பின்புறம் இழுக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஆகவே பின்புறத்தைக் காற்றுப் புகாத சிறு பெட்டியால் மூடுகின்றனர். அப்படியும் 300 அதிர்வு போன்ற தாழ்ந்த சுரம் மெலிந்தே வரும். இங்கே செவி தானாக உதவிக்கு வருகிறது. ஒவ்வொரு சுரத்தோடும் அதன் இரட்டை, மும்மடங்கு முதலிய மேற்சுரங்களும் சேர்ந்தே ஒலிக்கும். அடிச்சுரம் விடுபட்டாலும் மேற்சுரங்களின் இடைவெளியைக் கொண்டு மூளை அதனை நிரப்பிக்கொள்ளும். பழைய தொலைபேசி 300 அதிர்வுக்குக் கீழ்ப்பட்டதை ஏறக்குறைய அனுப்புவதே இல்லை. ஆயினும் 100, 150 அதிர்வில் பேசும் ஆடவர் குரலை நாம் பெண்குரல் என்று கொண்டதில்லை அல்லவா? சிறு வண்டியின் பெருங்குரலில் ஒரு பகுதி கேட்போர் மூளையிலேதான் பிறக்கிறது.

இரண்டாவது இடர் இதனினும் பெரிது. யாருடைய குரலைப் பதிவு செய்வது? ஒலிப்பதிவு நாடாக் கருவி பரவுமுன்பே எத்தனையோ வகை இயந்திரங்கள் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாகிவிட்டன. வரைபடங்கள் உண்டு, நிழற்படங்கள் உண்டு, குரல் இல்லை. வின்ஸ்டன் லிங்க் என்னும் நிழற்படக் கலைஞர் 1955 முதல் 1960 வரை நார்ஃபோக் அன்ட் வெஸ்டர்ன் இருப்புப்பாதையின் கடைசி நீராவி வண்டிகளைப் படமெடுத்ததோடு அவற்றின் ஒலியையும் பதிவு செய்து இசைத்தட்டுகளாக வெளியிட்டார். பிரிட்டனில் பீட்டர் ஹேண்ட்ஃபோர்டு அதே பணியைச் செய்தார். இத்தகையோர் கைபட்டவை பிழைத்தன. மற்றவற்றுக்கு?

ஊதல் மட்டும் தனியே தப்பியிருப்பதுண்டு. இயந்திரம் உடைபட்டாலும் பித்தளை ஊதலைக் கழற்றி வைத்துக்கொண்டவர் பலர். அதனை ஊதிப் பதிவு செய்யலாமே என்றால், எதைக் கொண்டு ஊதுவது என்னும் கேள்வி எழுகிறது. நீராவி கிடைக்காத இடத்தில் அழுத்திய காற்றைக் கொண்டு ஊதுகின்றனர். காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர், நீராவியில் 475. எனவே அதே ஊதல் காற்றில் நூற்றுக்கு 28 பங்கு தாழ்ந்து ஒலிக்கும். நம் பண்ணிசை மரபில் சொன்னால், மேற்குரலில் நிற்க வேண்டியது இளிக்கும் சற்றுக் கீழே இறங்கிவிடும். கேட்க இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் அது அவ்வியந்திரத்தின் குரல் அன்று. அக்குரலை அப்படியே சில்லில் ஏற்றி ஆயிரம் வண்டிகளில் விற்றுவிட்டால், மறுக்க வல்ல சான்று எங்கும் இல்லாமையால், அடுத்த தலைமுறைக்கு அதுவே வரலாறாகிவிடும். ஏட்டில் நேர்ந்த எழுத்துப் பிழை பாடமாக நிலைத்துவிடுவதைப் போன்றது இது. சுவடி ஒப்பு நோக்குவோர் கொள்ளும் எச்சரிக்கை இங்கும் வேண்டும். பொறுப்புள்ளோர் வேகங்களின் விகிதம் அறிந்து சுரத்தை உயர்த்தித் திருத்துகின்றனர்.

கையும் காலமும்

ஊதல் என்பது சுரம் மட்டும் அன்று. ஓட்டுநரின் கையும் ஆகும். அமெரிக்கத் தென்மாநிலங்களில் ஓட்டுநர்கள் கயிற்றைச் சிறுகச் சிறுக இழுத்தும் தளர்த்தியும் ஊதலை நெளிய வைப்பர். 1900ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் மிசிசிப்பியில் விபத்தில் மாண்ட கேசி ஜோன்ஸ், தம் ஊதலைக் கொண்டே மக்களால் அடையாளம் காணப்பட்டவர். பதிவு செய்த ஒலியோ ஒவ்வொரு முறையும் ஒரே வகையாக ஒலிக்கும். ஆகவே லயனலின் அண்மைக்காலக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றில், விரலால் இழுக்கும் அளவுக்கேற்ப ஒலி உயர்ந்து தாழும் ஏற்பாட்டை அமைத்தனர். அளபெடை மீண்டும் கைக்கு வந்தது.

அமெரிக்கக் கடவையில் ஊத வேண்டிய முறை: நீளம், நீளம், குறுக்கம், நீளம். தமிழாசிரியர் இதனை அசை பிரித்துப் பார்த்தால் நெடில், நெடில், குறில்நெடில் என்றாகும். நேர் நேர் நிரை. தேமாங்கனி! வஞ்சிச்சீர் ஒன்றை அமெரிக்க ஓட்டுநர் ஒவ்வொரு கடவையிலும் ஊதிச் செல்கிறார் என்பது எதிர்பாராத பொருத்தம்.

இச்சீரை ஊதி முடிக்க இடம் வேண்டும். ஊதத் தொடங்குமாறு அறிவிக்கும் கம்பம் கடவைக்குக் கால் மைல் முன்னே நடப்படுவது மரபு. மணிக்கு 60 மைல் ஓடும் வண்டி அத்தொலைவைக் கடக்க 15 நொடி ஆகும். 2005இல் அமெரிக்க அரசு வகுத்த விதியும் 15 முதல் 20 நொடி என்றே கூறுகிறது. எச்.ஓ. அளவில் அக்கால் மைல் 4.6 மீட்டர். வீட்டின் ஓர் அறையில் அவ்வளவு நேர்ப்பாதை எங்கே கிடைக்கும்? பெரும்பாலான மாதிரிகளில் இரண்டாம் நெடில் முடியுமுன்பே வண்டி கடவையைத் தாண்டிவிடுகிறது. உருவம் சுருங்கும், காலம் சுருங்காது. சிலர் சீரைச் சிதைத்து விரைந்து ஊதுகின்றனர். வண்டியைத் தளர்த்தி ஓட்டி முறைப்படி ஊதுவோரே மேல் என்பது என் கருத்து.

விரைவைச் சார்ந்த மற்றொன்று. மெய்யான வண்டி நம்மைக் கடந்து போகும்போது ஊதலின் சுரம் சட்டென்று இறங்கும். 1845இல் ஹாலந்தில் பாய்ஸ் பாலட் என்னும் அறிஞர், எக்காளம் ஊதுவோரைப் புகைவண்டியில் ஏற்றி ஓட்டி இவ்விளைவை மெய்ப்பித்தார். மணிக்கு 60 மைல் வேகத்தில் அவ்விறக்கம் முழுச்சுரம் ஒன்றினும் மிகுதி. மாதிரி வண்டியோ நொடிக்கு ஓரடி அளவே நகர்கிறது. இறக்கம் செவிக்குத் தெரியாது. அதனால் சில சில்லுகளில் இவ்விறக்கத்தையும் செயற்கையாகச் சேர்த்து ஒரு பொத்தானில் வைத்துள்ளனர். எங்கோ ஒரு மூலையில் நிற்பவருக்கும் வண்டி தம்மைக் கடந்தது போல ஒலிக்கும். இதனை நான் வேண்டாத ஒப்பனை என்பேன்.

எஞ்சியது ஒலியின் வன்மை. மேற்கூறிய விதி, வண்டிக்கு 100 அடி முன்னே ஊதல் 96 முதல் 110 டெசிபல் வரை இருத்தல் வேண்டும் என்கிறது. எச்.ஓ. வண்டியை ஒரு மீட்டர் தள்ளி நின்று காண்பவர், மெய்யான வண்டியிலிருந்து 87 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு ஒப்பாவார். அத்தொலைவில் அந்த ஊதல் ஏறத்தாழ 9 டெசிபல் குறையும். அப்படியும் அது வீட்டுக்குள் பொறுக்கக்கூடிய ஒலி அன்று. தேர்ந்தோர் இதற்கு ஒரு வழக்கம் வைத்திருக்கின்றனர். பாதையின் ஒரு கோடியில் ஊதினால் மறுகோடியில் அரிதிற் கேட்கும் அளவுக்கு ஒலியைக் குறைத்துவிடுவர். உயர்ந்த அதிர்வுகளையும் சிறிது வெட்டுவர், நெடுந்தொலைவு வந்த ஒலியில் காற்று விழுங்கியிருக்கக்கூடியவை அவை என்பதால். மெல்லிய எதிரொலியும் சேர்ப்பர். அப்போது ஊதல் பக்கத்திலுள்ள சிறு வண்டியிலிருந்து வருவதாகத் தோன்றாது. மலைக்கு அப்பால் எங்கோ செல்லும் பெரிய வண்டியிலிருந்து வருவதாகத் தோன்றும். இரவில் ஓட்டுவோர், அடுத்த அறையில் உறங்குவோரை எண்ணி, இன்னும் ஒரு படி குறைத்துக்கொள்வர்.